பேச்சா, மாத்திரையா? மெத்தைக்குத் திரும்பிய கதை

எனக்கு மாரடைப்பு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் டீக்கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோக்காரர்கள் என்று எல்லாரும் என்னை இன்னமும் நெஞ்சுவலியில் பிழைத்து வந்தவனாகத்தான் பார்க்கிறார்கள். வழியில் நிறுத்திப் பூண்டு சாப்பிடச் சொல்கிறார்கள். நானும் பல மாதங்கள் அவர்களைத் திருத்தவில்லை. மாரடைப்பு கௌரவமான நோய். எனக்கு வந்ததற்கு அந்தக் கௌரவம் கிடையாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டத்துக்குள் நின்று இந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளன். எனக்கு நெய்யத் தெரியாது, நெய்ததைப் பற்றிப் பேசத் தெரியும். எங்கள் கடையில் நாற்காலி போட்டு வியாபாரம் கிடையாது. வெள்ளை விரிப்பு போட்ட பெரிய மெத்தை. கல்யாண வீட்டார் சுற்றி உட்காருவார்கள், நான் நடுவில் சம்மணம் போட்டு ஒவ்வொரு புடவையாக உதறி விரிப்பேன். உலகத்திலேயே உனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் கோயிலைத்தான் சொல்ல வேண்டும். உண்மையில் அந்த மெத்தைதான்.

மெத்தைக்கென்று சில விதிகள் இருக்கின்றன. விற்க நினைக்கும் புடவையை முதலில் காட்டக்கூடாது. முதல் புடவை கண்ணைக் கழுவ, இரண்டாவது விலையைப் பழக்க, மூன்றாவதுதான் விற்க. இன்னொன்று, கட்டப்போகிற பெண்ணைத் தவிர மற்ற எல்லாரும் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் பேச வேண்டியது மற்றவர்களிடம்தான். கடைசி விதி, கல்யாண வீட்டாருக்குள் வாக்குவாதம் முற்றினால் நடுவில் உட்காராதே. "உள்ளே வேற ஸ்டாக் இருக்குது, எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடு. சண்டை அடங்கிய பிறகு ஏதோ ஒரு புடவையோடு திரும்பி வா. இந்தக் கடைசி விதி பின்னால் என் கழுத்தையே பிடித்தது.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் அது வந்தது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார். மூன்றாவது புடவையை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டதை, உதறி விரித்தேன். விரித்த கை அப்படியே நின்றுவிட்டது. நெஞ்சு தறிகெட்டு அடிக்கிறது. விரல்கள் மரத்துப்போகின்றன. குளிரூட்டிய அறையில் முதுகெல்லாம் வியர்வை. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. "முந்தியப் பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தேனாம்.

முதலாளி தன் காரிலேயே தூக்கிக்கொண்டு போனார். அவசரப் பிரிவில் நெஞ்சிலும் காலிலும் வில்லைகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைவதுதான் அது. வலிக்காது, வில்லையைப் பிய்க்கும்போது மட்டும் மயிரோடு வரும். பிறகு ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டிருந்தால் ஒரு புரதம் ரத்தத்தில் கசிந்திருக்குமாம், அதைத் தேட. பிறகு வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பது போல நெஞ்சில் பசை தடவி எக்கோ. கடைசியில் ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவிட்டு ஒரு சோதனை. பில்லைப் பற்றி எழுதப்போவதில்லை, அதைப் பார்த்தபோது வந்த படபடப்பு இயற்கையானது.

இதய வார்டில் படுத்திருந்தபோதும் என் வாய் படுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் குழாயோடு அவரும், கையில் ஊசியோடு நானும் மயில் கழுத்து நிறத்துக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று பேசி முடித்தோம். நர்ஸம்மா இரண்டு முறை அதட்டினார். மூன்றாம் முறை அவரும் நின்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்தத் திருவண்ணாமலை வீட்டார் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. கல்யாணப் பெண்ணின் அம்மா கட்டிலருகே நின்று, "நீங்க கடைசியா விரிச்சதையே எடுத்துட்டோங்க. அதுக்கப்புறம் வேற பாக்க மனசு வரல" என்றார். இதைக் கேட்ட முதலாளி வராந்தாவில் போய்ச் சிரித்தார். "விழுந்தாலும் வித்துட்டுத்தாம்பா விழறான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதய மருத்துவர் எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்குங்க, ஒண்ணும் இல்ல" என்றார். என் மனைவி தனலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அவமானமாக இருந்தது. ஊரைக் கூட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்றால் எப்படி?

"அப்ப எனக்கு வந்தது இன்னா சார்?"

"பானிக் அட்டாக் மாதிரி தெரியுது. திடீர்னு வர்ற கடுமையான பதற்றம். நிஜமான அறிகுறிதான், நீங்க நடிக்கல. ஆனா கோளாறு ஹார்ட்ல இல்ல. மனநல டாக்டரை ஒரு தடவை பாருங்க."

மனநலம் என்ற சொல் காதில் விழுந்ததும் தனலட்சுமி கண்ணீரை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்டுவிட்டதா என்று திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தோம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் "ஹார்ட்ல லேசா" என்று சொன்னோம். மனநல டாக்டரைப் பார்க்கப் போகவில்லை.

அது என்னை விடவில்லை. மெத்தையில் உட்கார்ந்த மறுவாரமே நெஞ்சு கிளம்பியது. "உள்ளே வேற ஸ்டாக் இருக்குது" என்று எழுந்து போய்ப் பின்னறையில் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அப்பாடா, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த முறை நெஞ்சு கிளம்பும் முன்பே எழுந்தேன். அதற்கடுத்த முறை, கிளம்பிவிடுமோ என்று தோன்றியதற்கே எழுந்தேன். போகப்போக நான் மெத்தையில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிடப் பின்னறையில் நின்ற நேரம் கூடிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் முதலாளியிடம், "உங்க ஆளு உள்ளே போயி புடவைய நெய்துக்கினு வராரா?" என்று கேட்டுவிட்டார்.

முதலாளி நல்ல மனிதர். திட்டவில்லை. என்னைப் பின்னறையிலேயே உட்காரவைத்து, வாடிக்கையாளர்கள் கலைத்துப்போட்ட புடவைகளை மடிக்கிற வேலையைக் கொடுத்தார். மடிப்பதும் வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முன்னால் இன்னொருவன் என் இடத்தில் உட்கார்ந்து அரக்கைக் காட்டி மெரூன் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு மடிப்பது என்னால் முடியவில்லை. அழுகை வந்தது, ஒரு நாள் அழுதும் விட்டேன்.

"தை பொறந்தா கூட்டத்தத் தாங்க முடியாது ஏகாம்பரம்," என்றார் முதலாளி. "அதுக்குள்ள நீ மெத்தைக்கு வந்துடுவியா, சொல்லுபா. இல்லன்னா நான் நிரந்தரமா வேற ஆள உக்கார வெக்கணும். வருத்தப்படாத."

அதற்குப் பிறகுதான் போனேன்.

மனநலப் பிரிவின் காத்திருப்பு அறை ஒரு வேடிக்கையான இடம். அங்கே யாரும் நோயாளி இல்லை, எல்லாரும் யாரோ ஒருவருக்குத் துணைக்கு வந்தவர்கள். நான் மூலை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தால் பக்கத்தில் கூரத்து அம்மா. கூரம் கிராமத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிற வீடு. மூத்த மகள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் பட்டெடுத்தார். ஒருவரை ஒருவர் பார்த்து இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா ஏகாம்பரம், யாருக்கு உடம்பு சரியில்ல?"

"பக்கத்து வீட்டுக்காரருக்குங்கம்மா. டோக்கன் போட வந்தேன். உங்களுக்கு?"

"எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் இருக்குறேன். எங்க நாத்தனாருக்கு."

இருவரும் பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் நாத்தனாருக்காகவும் உச்சுக்கொட்டினோம். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள், கூரத்து அம்மாவின் சொந்தப் பெயரை. அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. வெளியே வந்தபோது மாத்திரைப் பொட்டலத்தை மறைக்கவில்லை.

"சின்னவளுக்கு மாசியில கல்யாணம். சம்பந்தி வீட்டுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "தை பொறந்ததும் பட்டெடுக்க வருவோம். உங்கிட்டதான் எடுப்பேன். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர தேத்திக்கினு வந்துடு."

டாக்டரம்மா சிறு வயது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடையில் திருட்டு அலாரம் வைத்திருக்கிறீர்களா என்றார். இருக்கிறது என்றேன். "திருடன் வந்தா அடிக்கணும். உங்க அலாரம் பெருச்சாளி ஓடினாக்கூட அடிக்குது. அலாரம் நல்ல சாமான்தான், கொஞ்சம் அதிகமா முறுக்கிட்டாங்க, அவ்வளவுதான்." பதற்றமும் மனச்சோர்வும் ரொம்பச் சாதாரணமாக எல்லா வீட்டிலும் வருகிற நோய்கள், சொல்லிக்கொள்வதில்லை என்பதால் அபூர்வம் மாதிரித் தெரிகிறது என்றார். தைராய்டு கோளாறாலும் இப்படிப் படபடக்கும் என்று அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணு, மாத்திரை. தினமும் போடணும், வேலை செய்யச் சில வாரம் ஆகும். ரெண்டாவது, பேச்சு சிகிச்சை. ஆலோசகர்கிட்ட வாராவாரம் உக்காந்து பேசிப் பயிற்சி எடுக்கணும். மூணாவது, ரெண்டையும் சேத்து. உங்க அளவு நோய்க்கு எதுல வேணாலும் ஆரம்பிக்கலாம். உங்களுக்கு எதுங்க பிடிச்சிருக்கு?"

எனக்குள்ளே இருந்த விற்பனையாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்று! இந்த அம்மா மூன்றாவதை விற்கப் பார்க்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதோடு, சரக்கை வைத்திருப்பவர் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் அதில் சூட்சுமம் இருக்கும். நான் கேட்காத கேள்வியா?

"மேடம், இதுல எது நல்லா போகுது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டுமே நல்லா போகுதுங்க."

"நீங்களா இருந்தா எத எடுப்பீங்க?"

மெத்தையில் தினமும் என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி இது. எதைக் கையில் வைத்திருக்கிறேனோ அதைக் காட்டி, எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இதைத்தான் எடுத்தோம் என்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "நான் எடுக்கிறது உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லீங்க. ஆனா ஒண்ணு, தனக்குச் சரின்னு பட்டதை எடுத்துக்கிட்டவங்க பாதியில விட்டுட்டுப் போறது குறைவு. அதனாலதான் கேக்கறேன். வீட்டுல யோசிச்சு வாங்க."

வீட்டில் யோசித்தார்கள், என்னைத் தவிர. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிற மகள் கவிதா, "தெரபிதாம்பா பெஸ்ட். எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேரு போறாங்க" என்றாள். தனலட்சுமிக்கு மாத்திரை என்றாலே ஆகாது. "அதப் போட்டா தூங்கிக்கினே இருப்பீங்களாம். அப்பறம் அது இல்லாம முடியாதாம்." முதலாளியோ தொலைபேசியில், "பேசறதுக்குக் காசா? ஒரு மாத்திரையப் போட்டுக்கினு வந்து உக்காருபா" என்றார். மூவரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். மெத்தையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண்களின் ஞாபகம் வந்தது.

தைராய்டு சோதனையில் கோளாறு இல்லை என்று வந்தது. கடைசியில் நான் பேச்சைத்தான் எடுத்தேன். மகளுக்காக இல்லை. பேச்சு என் சொந்தத் தொழில், அதில் என்னை யார் மிஞ்சுவது என்ற தைரியம்தான்.

ஆலோசகர் நித்யா கவிதாவைவிடக் கொஞ்சம் பெரியவர். முதல் சந்திப்பில் அவர் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பத்து நிமிடத்துக்குள் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்பதைக் கறந்துவிட்டேன். இரண்டாம் சந்திப்பில் தங்கையின் நிறத்துக்கு ஆனந்தா நீலம் எடுக்கும், கிளிப்பச்சை எடுக்காது என்று முடிவு செய்தோம். எங்கள் கடையில் தள்ளுபடி வாங்கித்தருவதாக வாக்குக்கூடக் கொடுத்தேன். இரண்டு முறையும் வெற்றியோடு வெளியே வந்தேன். பின்னறையில் மடித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் வெற்றி.

மூன்றாம் சந்திப்பில் நித்யா பேனாவைக் கீழே வைத்தார். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? ரெண்டு வாரமா உங்ககிட்ட பேசினதுல எனக்குத்தான் மனசு லேசா இருக்கு."

கீழே வைத்த பேனாவை எடுத்து அவரிடமே நீட்டினேன்.

"இன்னைக்கு நீங்க எதுவும் காட்ட வேணாம். மெத்தையில உக்காந்திருக்கீங்க, நெஞ்சு அடிக்க ஆரம்பிக்குது. அப்ப உங்களுக்குள்ள என்ன ஓடுது? அதை மட்டும் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அந்த மெத்தையை நினைத்த உடனே அங்கேயே நெஞ்சு கிளம்பியது. "ஒரு நிமிஷம் மேடம், வெளிய வண்டிய லாக் பண்ணனான்னு..." என்று எழுந்தவன், பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். வண்டி கொண்டு போகவே இல்லை என்பது வாலாஜாபாத் ரோடு தாண்டிய பிறகுதான் உறைத்தது.

டாக்டரம்மாவிடம் போய், "மேடம், இந்தச் சரக்க மாத்திக் குடுங்க" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, எடுத்ததை மாற்றிக்கொள்ளலாம், இப்போதைக்கு இது சரிப்படவில்லை என்று தெரிந்ததும் நல்லதுதான் என்று சொல்லி மாத்திரை எழுதினார். தனலட்சுமி கூட வந்திருந்தாள். "தூங்கிக்கினே இருப்பாருங்களா? பழக்கமாயிடுமா?" என்று அவளே நேராகக் கேட்டாள். தூக்க மாத்திரை இல்லை, போதைப்பழக்கம் மாதிரி பிடித்துக்கொள்ளாது, ஆனால் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது, நிறுத்தும்போது சொல்லிச் சொல்லிக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதல் சில நாட்கள் வயிற்றைப் பிரட்டும் என்றும் சொன்னார்.

பிரட்டியது. வாய் உலர்ந்தது. பதற்றம்கூட முதலில் கொஞ்சம் ஏறித்தான் இறங்கியது. மாத்திரைக்கு எதிராக மாநாடு நடத்தியவளே அதைத் திருநீற்று மடல் பக்கத்தில் வைத்தாள். காலையில் நெற்றியில் பூசினால் உடனே கையில் மாத்திரை. வயிறு பிரட்டுகிறதென்று மிளகும் சுக்கும் போட்ட நம்மூர் இட்லியை நெய் இல்லாமல் ஊற்றித் தந்தாள். நெய் இல்லாத காஞ்சிபுரம் இட்லி! அதைத் தின்னும் துயரத்துக்கு முன்னால் பானிக் அட்டாக் ஒன்றும் பெரிதில்லை. கவிதா வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து தினமும் "போட்டாச்சா?" என்று செய்தி அனுப்புவாள். நான் மாத்திரைப் படத்தை அனுப்புவேன்.

கார்த்திகை தீபம் வந்த சமயத்தில், நெஞ்சுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் குறைந்திருப்பதைக் கவனித்தேன். திடீரென்று நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டாரை யாரோ நிறுத்திய பிறகு, இத்தனை நேரம் ஓடியிருக்கிறதே என்று தெரியுமே, அப்படி. ஆனாலும் மெத்தைப் பக்கம் போகக் கால் வரவில்லை. அலாரத்தின் முறுக்கைத் தளர்த்தியாகிவிட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்ற நினைப்பு மட்டும் அங்கேயே இருந்தது.

இந்த முறை யாரும் சொல்லவில்லை. நானாகவே நித்யாவிடம் போனேன். "வண்டியை லாக் பண்ணிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அப்பா மளிகைக் கடை எடைத்தராசுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததைச் சொன்னேன், அப்போது அவருக்கு என் வயதுதான் என்பதையும் சொன்னேன். அதுவரை வீட்டில்கூட நான் பேசாத விஷயம். அழுதேன். இந்த முறை அவரைச் சிரிக்கவைக்க நான் முயலவில்லை.

மாத்திரையும் பேச்சும் சேர்ந்து, மூன்றாவது புடவையைத்தான் வாங்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குப் படி இறங்கும்போது உறைத்தது. அடுத்த முறை டாக்டரம்மாவிடம், "கடைசியில வித்துட்டீங்க மேடம்" என்றேன். "எனக்குக் கமிஷன் கிடையாது சார்" என்றார்.

நித்யாதான் என் கடைசி விதியில் கைவைத்தார். நெஞ்சு கிளம்பும்போதெல்லாம் உள்ளே போய்விடுகிறீர்கள், அதனால் உட்கார்ந்திருந்தாலும் அது தானாக அடங்கும் என்பதை உங்கள் உடம்பு ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்றார். எழுந்து போகாமல் இருப்பதுதான் பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் கடை திறக்கும் முன் காலி மெத்தையில் தனியாக உட்கார வேண்டும். பிறகு முதலாளியை வாடிக்கையாளராக வைத்துக்கொண்டு. அவர், "இது நிஜப் பட்டுதானாபா?" என்று தன் கடைச் சரக்கையே சந்தேகப்பட்டு என்னைச் சோதித்தார்.

அதற்கடுத்து தனலட்சுமியும் கவிதாவும். மார்கழிக் காலை, தெருவில் கோலம் காயவில்லை. தனலட்சுமி மெத்தையில் ஏறி உட்கார்ந்த தோரணையைப் பார்த்து நானே மிரண்டேன்.

"இதே டிசைன்ல பச்ச இருக்குதா?"

காட்டினேன்.

"பச்ச இல்லீங்க, இலைப்பச்ச."

காட்டினேன். நெஞ்சு கிளம்பியது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னவோ கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, "கரை இன்னும் கொஞ்சம் அகலமா இருந்தா தேவல" என்றாள். கவிதா என் கையைப் பிடிக்கப் போக, தனலட்சுமி அவள் கையைத் தட்டிவிட்டாள். "புடவ பாக்க வந்தா புடவயப் பாருடி." நான் விரித்துக்கொண்டே இருந்தேன். ஏழெட்டுப் புடவை தாண்டியதும் நெஞ்சு அலுத்துப்போய் இறங்கிவிட்டது. அவள் எதையும் வாங்காமல் எழுந்து, "பாத்துட்டு வரோங்க" என்று போனாள். கடைத்தெருவின் எல்லாக் கெட்ட வாடிக்கையாளர்களையும் ஒருத்தியாகச் செய்து காட்டிவிட்டாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எழுதத் தெரியவில்லை.

தை பிறந்தது. முதலாளி என்னை மெத்தையில் உட்காரவைத்தார், புது ஆளைப் பக்கத்திலேயே தயாராக நிற்கவைத்தார். சொன்னபடி கூரத்து அம்மா வந்தார். கூட மகள், மகளின் வருங்கால மாமியார், சித்திகள், ஒரு மாமா. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

முதல் புடவையாக, கண்ணைக் கழுவ, வெங்காயத் தோல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒன்றை விரித்தேன். "இது முகூர்த்தத்துக்கு ஆவுமா?" என்று சம்பந்தியம்மா தள்ளிவிட்டார். இரண்டாவதை விரித்தேன். விலையைச் சொன்னேன், மாமா இருமினார். மூன்றாவதை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பழைய அதே சேர்க்கை என்பது உதறிய பிறகுதான் தெரிந்தது.

நெஞ்சு கிளம்பிவிட்டது. விரல் மரத்தது. முதுகில் வியர்வை. அத்தனை முகங்களும் என்னையே பார்க்கின்றன. புது ஆள் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"உள்ளே வேற..." என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. முழங்கால்கூட எழும்பிவிட்டது.

அதைக் கீழே வைத்தேன்.

"அம்மா, எனக்குக் கொஞ்சம் படபடப்பு வந்திருக்குதுங்க. இது ஒரு நோய், பதற்ற நோய். வைத்தியம் பாத்துக்கினுதான் இருக்கேன். நீங்க பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல தானா போயிடும். நான் எங்கியும் போகல. நீங்க புடவயப் பாருங்க."

சம்பந்தியம்மா புடவையிலிருந்து கையை எடுத்தார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். இன்றோடு என் மெத்தை போயிற்று என்றே நினைத்தேன்.

கூரத்து அம்மா சம்பந்தியம்மாவை ஒரு முறை பார்த்தார். மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வயலில் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"எனக்கும் இதான் ஏகாம்பரம். ரெண்டு வருசமா மாத்திர போட்டுக்கினு இருக்குறேன். ஒளிச்சி வெச்சி ஒளிச்சி வெச்சி அலுத்துப்போச்சு. நீ இன்னா, பேச்சா மாத்திரயா?"

"ரெண்டுந்தாங்கம்மா."

"எனக்குப் பேச்சு ஆவாது. ஆரம்பிச்சா எங்க மாமியார்ல இருந்து ஆரம்பிக்கணும், அதுக்கு இந்த ஜென்மம் பத்தாது."

ஒரு சித்தி சிரித்துவிட்டார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. முழங்காலால் நகர்ந்து மெத்தையின் நடுப்பக்கம் வந்தார். என் பக்கமாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எது நல்லா இருக்குதுங்க? எனக்கு ராத்திரியானா இப்பிடித்தான் வருது" என்றார்.

எங்கள் வீட்டுக்கு இதைத்தான் எடுத்தோம் என்று சொல்ல வாய் பழகியிருந்தது. "எனக்குப் பொருந்தினது உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லீங்கம்மா" என்றேன். "ரெண்டும் நல்ல சரக்கு. டாக்டரே கேப்பாங்க, உங்களுக்கு எது வேணும்னு. உங்களுக்குத் தோணறதச் சொல்லுங்க. சரிப்படலன்னா மாத்திக்கலாம்."

சொல்லி முடித்தபோது என் விரல்களில் உணர்வு வந்திருந்தது. எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. அப்போதுதான் கல்யாணப் பெண்ணைப் பார்த்தேன். இத்தனை பேச்சிலும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நான் யாரிடம் பேச வேண்டும் என்று எனக்கு விதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினேன்.

"உனக்கு எதுமா புடிச்சிருக்குது?"

சம்பந்தியம்மா தள்ளிவிட்ட முதல் புடவையை, வெங்காயத் தோல் நிறத்தை, அவள் மடியில் வைத்திருந்தாள். அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். மாமா ஏதோ சொல்ல வந்தார். சம்பந்தியம்மா கையமர்த்தினார்.

"அது நல்லாத்தான் இருக்குது. ஆனா எதுக்கும் ஒரு வார்த்த," என்று என்னிடம் கேட்டார், "உள்ளே வேற ஸ்டாக் இருக்குதுங்களா?"

"இல்லீங்கம்மா," என்றேன். "எல்லாம் இங்கியே இருக்குது."